சோக் சுடுகிறது

கோளாறுகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, வந்தால் வந்ததுதான். ஹெட்லைட் பல்பு போய்விட்டால் காலையிலும் எரியாது, மெக்கானிக் முன்னாலும் எரியாது, நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பார்க்காது. மாற்றினால் வேலை முடிந்தது. இரண்டாவது வகை விட்டு விட்டு வருவது. திருப்பத்தூரில் வரும், காரைக்குடியில் வராது. ராத்திரி வரும், பட்டறைக்குக் கொண்டு போனால் அம்மா சொன்ன பிள்ளை மாதிரி அடங்கி நிற்கும். "நல்லாத்தானே சார் இருக்கு" என்று மெக்கானிக் சாவியைத் திருப்பிக் கொடுப்பார்.

முதல் வகைக் கோளாறு பொருளோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது வகை பொருளில்தான் தொடங்கும், ஆனால் கொஞ்ச நாளில் அதைச் சொல்கிற ஆள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வண்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்போது ஓட்டுகிறவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் அது நடந்தது. அந்தக் கோளாறைத் தேடிய கதையைத்தான் எழுதப் போகிறேன். நடுவில் கொஞ்சம் மின்சாரக் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

*

காரைக்குடியில் எங்கள் வீட்டில் 1988 மாடல் அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்து, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957இல் தொடங்கி 2014 வரை செய்துகொண்டிருந்த வண்டி. எங்களுடையதை அப்பா 1999இல் பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் வாங்கினார். பிள்ளைகள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வரும்போது மட்டும் வெளியே எடுத்த கார். பதினோரு வருடத்தில் 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

அப்பா கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது, வயது 73. வாங்கிய நாளிலிருந்து வண்டிக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பெட்ரோல் எத்தனை லிட்டர், மீட்டர் எவ்வளவு, என்ன வேலை செய்தது, எவ்வளவு ஆனது எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போவார். யாரும் கேட்டதில்லை.

பிரச்சினை ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். சாவியைத் திருப்பினால் சில நேரம் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். செல்ஃப் சுற்றாது. பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ கழித்துத் தானாக எடுத்துவிடும். பிள்ளையார்பட்டியில் ஒருமுறை, தேவகோட்டையில் ஒருமுறை, பிறகு மூன்று மாதம் ஒன்றும் இல்லை. பேட்டரி மாற்றினார்கள். ஒரு வருடத்தில் அதுவும் போனது, இன்னொன்று மாற்றினார்கள். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் செய்தார்கள். இக்னிஷன் சுவிட்ச் புதிது போட்டார்கள். மொத்தம் 19,400 ரூபாய் என்று நோட்டு சொல்கிறது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சில வாரம் வண்டி ஒழுங்காக ஓடும். அதனால் ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்றே தோன்றும்.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் விழித்திரைப் பிரச்சினை. ஊசி போட மாதம் ஒருமுறை மதுரைக்குப் போக வேண்டும். ஆகஸ்டில் ஒருநாள் திரும்பி வரும்போது திருப்பத்தூரில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். மறுபடி எடுக்கவில்லை. இரவு மணி 7.50. அம்மா கண்ணில் கட்டோடு பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, அப்பா 35 நிமிஷம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். 8.25க்கு வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "அப்பாவுக்கு வயசாயிடுச்சுடா. லைட்ட அணைக்காம விட்டுட்டு இறங்கியிருப்பார். கியர்ல வச்சுக்கிட்டே சாவியத் திருப்பியிருப்பார். மெக்கானிக்கே வண்டி நல்லா இருக்குன்னு சொல்றாருல்ல? வண்டிய வித்துரலாம். இனிமே அவர் ஓட்ட வேண்டாம்." அவள் சொன்னதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. 73 வயதுக்காரர் ஒற்றைக் கண்ணில் கட்டோடு இருக்கும் மனைவியை ராத்திரி நெடுஞ்சாலையில் கூட்டி வருகிறார் என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அடுத்த வருடம் அப்பாவின் லைசென்ஸும் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

அப்பாவிடம் பேசியபோது அவர் விற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, நான் கியர்ல வைக்கல. லைட்டு அணைச்சுத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு, சோக் சுடுது. அதையும் சொல்லிட்டேன். எவனும் காதுல வாங்க மாட்டேங்குறான்" என்றார்.

சோக் என்பது டேஷ்போர்டில் இருக்கும் ஒரு குமிழ். அதிலிருந்து ஒரு இரும்புக் கம்பி கார்புரேட்டர் வரைக்கும் போகும். குளிர்ந்த எஞ்சினை எடுக்கும்போது குமிழை வெளியே இழுத்தால் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். வெறும் கம்பிதான், அதில் கரண்டே கிடையாது. கரண்டு இல்லாத கம்பி எப்படிச் சுடும்? அவர் இதைச் சொன்ன மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரு சிரிப்பு சிரித்திருக்கிறார்கள். அக்காவும் அதைத்தான் முக்கியமான சாட்சியாக எடுத்துக்கொண்டாள். "சோக் சுடுதாம்டா" என்றாள்.

*

நான் பெங்களூரில் மென்பொருள் பொறியாளன். என் வேலையில் பாதி, விட்டு விட்டு வரும் கோளாறுகளைத் தேடுவதுதான். ஆயிரம் முறை ஓடுகிற நிரல் ஆயிரத்து ஓராவது முறை விழும். ஏன் என்று பார்க்க உள்ளே ஒரு வரி சேர்த்தால் விழுவதை நிறுத்திவிடும். பார்க்கப் போனால் மறைகிற இந்த வகைக்கு எங்கள் ஆட்கள் 'ஹைசன்பக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் நினைவாக. ஜிம் கிரே 1985இல் எழுதிய ஒரு ஆய்வறிக்கை மூலம் பரவிய சொல் அது. விமானப் பராமரிப்பிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. விமானி புகார் எழுதுவார், கருவியைக் கழற்றிப் பரிசோதனை மேஜையில் வைத்தால் ஒழுங்காக வேலை செய்யும், 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் மொழியில் இதற்கு இணையான வாக்கியம், "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே."

பெரிய பெரிய ஆட்களையும் இது விடாது. 2011 செப்டம்பரில் ஓபேரா என்ற ஆய்வுக் குழு ஒரு முடிவை வெளியிட்டது. ஜெனிவா பக்கத்து செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள கருவி வரை, சுமார் 730 கிலோமீட்டர் தூரத்தை நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னதாகக் கடந்துவிட்டன என்றது. ஐன்ஸ்டைன் தவறா என்று உலகம் முழுவதும் பேச்சு. அடுத்த பிப்ரவரியில் காரணம் வெளியே வந்தது. நேரத்தைக் கொண்டுவரும் ஒரு ஒளியிழைக் கேபிளின் முனை சரியாக முடுக்கப்படாமல் இருந்தது. நம் ஊர்ப் பாஷையில் லூஸ் கனெக்ஷன்.

இந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட ஒரு விதி உண்டு. புகார் சொல்கிறவர் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம், அவர் பார்த்தது பெரும்பாலும் தவறாக இருக்காது. 'சர்வர் கோபமாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதினால் கோபத்தை விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். நான் அப்பாவிடம் நோட்டைக் கேட்டேன். அவர் சம்பந்தப்பட்ட பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். திருப்பத்தூர் நாளில் இப்படி இருந்தது: 'இரவு 7.50. டக் மட்டும். லைட் போட்டுப் பார்த்தேன், நன்றாக எரிந்தது. சாவி திருப்பும்போதும் மங்கவில்லை. சோக் இழுத்தேன், அடிப்பகுதி சுட்டது. 8.25 எடுத்தது.'

பதினோரு நிகழ்ச்சிகள் அப்படிக் குறிக்கப்பட்டிருந்தன. பதினொன்றும் வண்டி குறைந்தது பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகு நடந்தவை. வீட்டில் காலையில் ஒருமுறைகூட இல்லை. ஆறு இடத்தில் 'லைட் மங்கவில்லை' என்று இருந்தது. நான்கு இடத்தில் சோக். இது மறதிக்காரர் எழுதுகிற நோட்டு இல்லை.

*

இப்போது அந்தக் கணக்கு.

வீட்டில் ஒரு விளக்குக்கு இரண்டு வயர் போகிறது, கரண்டு போக ஒன்று, திரும்பி வர ஒன்று. காரில் ஒரு வயர்தான். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வயர் வழியாக விளக்குக்குப் போகும் கரண்டு, திரும்பி வர காரின் இரும்பு உடம்பையே பயன்படுத்திக்கொள்கிறது. பேட்டரியின் நெகட்டிவை உடம்போடு முடுக்கியிருப்பார்கள். இதைத்தான் பட்டறையில் 'பாடி எர்த்' என்பார்கள். பூமிக்கும் இந்த எர்த்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கார் நான்கு ரப்பர் டயரின் மேல் நிற்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லையில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி இருக்கிறது. கோடையில் மண் காய்ந்தால் அப்பா அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். அந்த எர்த் ஆபத்துக் காலத்துக்கு. காரின் எர்த் அப்படி இல்லை, ஒவ்வொரு விநாடியும் மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும்.

இதில் எஞ்சின் ஒரு தனித் தீவு. அதிர்வு உள்ளே வராமல் இருக்க எஞ்சினை ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டை போட்டு இரண்டு முனையிலும் போல்ட் வைத்து முடுக்குவார்கள். செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு ஒட்டி இருப்பது. அது சுற்ற 150 ஆம்பியர் போல வேண்டும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எடுப்பது பத்து ஆம்பியர் சுமார். அந்த 150ம் அந்த ஒரு பட்டை வழியாகத் திரும்ப வேண்டும்.

பட்டையின் முனையில் துரு பிடித்து 0.02 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 150ஐ 0.02ஆல் பெருக்கினால் 3 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் 3 வோல்ட்டை அந்த முனையே தின்றுவிடும். 450 வாட் சூடு அந்த ஒரு போல்ட்டில் இறங்கும், அயர்ன் பாக்ஸில் பாதி. அதே முனையை வண்டி சும்மா நிற்கும்போது மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாதாரண மீட்டரின் சொந்த வயர்களுக்கே 0.2 ஓம் போல இருக்கும். நல்ல இணைப்பு என்றுதான் காட்டும். டெஸ்ட் லேம்ப் வைத்தாலும் பளிச்சென்று எரியும், அந்தச் சின்ன பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். சுமை இல்லாத நேரத்தில் எல்லா இணைப்பும் நல்ல இணைப்புதான்.

நோட்டில் இருந்த 'லைட் மங்கவில்லை' எனக்கு முக்கியமாகப் பட்டது இதனால்தான். பேட்டரி பலவீனமாக இருந்தால் சாவி திருப்பும்போது ஹெட்லைட் செத்துப் போகும். மங்கவில்லை என்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, செல்ஃப் அதை எடுக்கவே இல்லை என்று அர்த்தம். ஹெட்லைட்டின் எர்த் பாடியில். செல்ஃபின் எர்த் எஞ்சினில். இரண்டுக்கும் நடுவில் எதோ அறுந்து அறுந்து ஒட்டுகிறது.

அப்படி அறும் நேரத்தில் கரண்டு சும்மா இருக்காது. திரும்பிப் போக வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கும். எஞ்சினிலிருந்து பாடிக்கு வேறு என்னென்ன உலோகம் போகிறது? ஸ்பீடோமீட்டர் கேபிள். அப்புறம், கார்புரேட்டரிலிருந்து டேஷ்போர்டு வரைக்கும் வருகிற சோக் கம்பி.

சோக் சுடத்தான் செய்யும். கரண்டுக்கு என்று போடாத மெல்லிய கம்பி வழியாக செல்ஃப் மோட்டாரின் கரண்டு திரும்பப் பார்த்தால் சுடாமல் என்ன செய்யும்? அந்தக் கம்பியின் மறுமுனை பெட்ரோல் இருக்கிற கார்புரேட்டரில் முடிகிறது. பிறகு எனக்கு அந்த இரவு தூக்கம் வரவில்லை. எல்லாரும் சிரித்த அந்த ஒரு வரிதான் வண்டி தீப்பிடிக்கலாம் என்ற எச்சரிக்கை. அப்பாவைக் கூப்பிட்டு நான் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன். "நீயுமா?" என்றார். "இல்லப்பா. நீங்க சொன்ன சோக்குக்காகத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி தம்பி" என்றார்.

*

ஊகம் வேறு, அளவு வேறு. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். செக்காலைப் பக்கம் பழைய வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம். அறுபது வயது இருக்கும். அவர் அதுவரை இந்த வண்டியைத் தொட்டதில்லை. கதையை முழுக்கக் கேட்டார். சோக் விஷயம் வந்ததும் சிரிக்கவில்லை. "சார், எந்த இடத்துல சுட்டுச்சு, குமிழா, அடியில உள்ள வளையமா?" என்று அப்பாவிடம் கேட்டார். "வளையம்" என்றார் அப்பா. அண்ணன் தலையை ஆட்டினார்.

செய்தது எளிமையான சோதனை. வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம். இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் எடுக்காது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும் சிவப்பு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைக்க வேண்டும். வேறொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். திரும்பும் பாதை ஆரோக்கியமாக இருந்தால் மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். அதற்கு மேல் காட்டுவது எல்லாம் வழியில் தொலைகிற வோல்ட்.

காலையில் ஐந்து முறை அளந்தோம். 0.2, 0.2, 0.3. வண்டி உத்தமன். வழக்கமாகப் பட்டறைகள் இங்கேதான் நிறுத்திக்கொள்ளும். நாங்கள் காயில் வயரை மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு குன்றக்குடி போய்த் திரும்பினோம். அண்ணன் ஓட்டினார், நான் தீயணைப்பான் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து எஞ்சின் சூடாக இருக்கும்போதே மறுபடி அளந்தோம். 0.3. 0.4. 0.3. நான்காவது முறை அப்பா சாவியைத் திருப்பினார். 'டக்.'

மீட்டரில் 8.6 வோல்ட்.

அண்ணன் சிவப்பு முனையை எஞ்சினிலிருந்து எடுத்து பாடியில் வைத்தார். சாவி. 0.1. பேட்டரியிலிருந்து பாடி வரை குறையில்லை. பாடியிலிருந்து எஞ்சின் வரைக்கும்தான் அந்த எட்டரை வோல்ட். ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து எஞ்சினையும் பேட்டரி நெகட்டிவையும் நேராக இணைத்தார். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் புது வண்டி மாதிரி சுற்றியது. அப்பா சாவியில் கை வைத்தபடி எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடியில் படுத்துப் பட்டையைக் கழற்றினோம். பட்டை நன்றாகத்தான் இருந்தது. பாடிப் பக்கம் அது உட்காரும் இடத்தில் தகடு வெறும் இரும்பாக இருக்க வேண்டும். அங்கே தடிமனாகக் கறுப்புப் பூச்சு இருந்தது. ஏழெட்டு வருடம் முன்பு ஒரு பட்டறையில் டிங்கரிங் செய்து, துரு பிடிக்காமல் இருக்க அடிப்பாகம் முழுவதும் பூச்சு அடித்திருந்தார்கள். அதற்கு மேலேயே பட்டையை வைத்து முடுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மொத்தக் கரண்டும் போல்ட்டின் மரை வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்தது. மரை துருப்பிடிக்கத் துருப்பிடிக்க வழி குறுகியிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது விடும். ஆறினால் மறுபடி ஒட்டும். ஆல்டர்னேட்டரும் எஞ்சினோடு இருப்பதால் பேட்டரிக்குப் போக வேண்டிய சார்ஜும் இதே வழியில்தான் தட்டுத் தடுமாறிப் போயிருக்கிறது. இரண்டு பேட்டரிகள் சீக்கிரம் செத்ததற்கும் அதுதான் காரணம்.

உப்புத்தாள் வைத்துத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, புதுப் பட்டை, புது போல்ட், பல்வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவினோம். பட்டை, போல்ட் எல்லாம் சேர்த்து 240 ரூபாய். அண்ணன் 400 வாங்கிக்கொண்டார். சோக் கம்பியையும் மாற்றினோம், அதன் உறை ஓர் இடத்தில் வெந்து கறுத்திருந்தது. பிறகு சூடாக்கி இருபது முறை அளந்தோம். 0.1ஐத் தாண்டவில்லை. "கரண்டு போற வழியத்தான் தம்பி எல்லாரும் பாப்பாங்க. வர்ற வழிய ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றார் அண்ணன்.

*

இதெல்லாம் நடந்த வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது. உலோகங்கள் ஏன் அரிக்கின்றன, எப்படித் தடுப்பது என்பது அங்கே தொடக்க காலத்திலிருந்தே பெரிய ஆய்வுத் துறை. கடற்காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்க்க மண்டபத்தில் தனி நிலையம் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அந்த மதில் ஓரமாக சைக்கிளில் போகும்போது, துருவை ஆராய ஏன் இத்தனை பெரிய வளாகம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது நினைப்பதில்லை.

துருவுக்கும் செம்பில் பிடிக்கும் பச்சைக்கும் நம் ஊரில் பழைய நினைவு ஒன்று உண்டு. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்தைச் செம்பில் இருக்கும் களிம்புக்கு உவமை சொல்லும். வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை, செம்போடே இருப்பது என்பார்கள். சாமி பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்கும் அம்மாவுக்கு இந்தத் தத்துவம் கையால் தெரியும். ஒருமுறை தேய்த்தால் போதும் என்பதே கிடையாது. எர்த் முனையும் அப்படித்தான். அதை நல்ல இணைப்பு என்று சொல்வதைவிட, சமீபத்தில் தேய்த்த இணைப்பு என்று சொல்வது சரி.

பழைய பிரிட்டிஷ் கார்களின் மின்சார உறுப்புகளைச் செய்த ஜோசப் லூகாஸுக்கு அந்த ஊர்க் கார்க்காரர்கள் 'இருளின் இளவரசன்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள், ராத்திரி விளக்கு அணைந்துவிடும் என்று. சென்னை பாடியில் 1961இல் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கிய பிறகு நம் ஊர் வண்டிகளிலும் அந்தப் பெயர் சாதாரணமானது. இன்று பழைய கார்களைப் புதுப்பிக்கும் பலர், அந்தக் கேலியில் பாதி மோசமான எர்த்துக்குப் போக வேண்டியது என்கிறார்கள். விளக்கில் பெயர் எழுதியிருக்கிறது, போல்ட்டில் எழுதவில்லை. பழி எப்போதும் பெயர் தெரிந்தவன் மேல்தான் விழும். எங்கள் வண்டியில் முதலில் பேட்டரி மேல் விழுந்தது, பிறகு செல்ஃப் மேல், கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் மேல்.

*

அக்காவிடம் போனில் 8.6 வோல்ட் கதையைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரிடா, வண்டில கோளாறு இருந்துச்சு. அதுக்காக அப்பாவுக்கு 73 இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். வண்டி குற்றவாளி என்று ஆனதால் அப்பா முப்பது வயது டிரைவர் ஆகிவிடவில்லை. இரண்டு கேள்விகள் இதுவரை ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடந்தன. வண்டி சரியாக இருக்கிறதா, அப்பா ஓட்டலாமா என்று. முதலாவதற்கு விடை தெரியாதவரை இரண்டாவதைக் கேட்கவே முடியாமல் இருந்தது. யார் கேட்டாலும் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

விடையை அப்பாவே சொன்னார், ஜனவரியில், பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் வந்திருந்தபோது. சாப்பிட்டு முடித்து முகப்பில் உட்கார்ந்திருந்தோம். யாரும் வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. "ராத்திரியில எதிர்ல வர்ற லைட்டு கொஞ்சம் கூசுது. ஒரு வருஷமா இருக்கு" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். "ஏம்ப்பா இவ்வளவு நாள் சொல்லல?" என்றாள். "சொல்லியிருந்தா செல்ஃப் எடுக்காததுக்கும் என் கண்ணுதான் காரணம்னு சொல்லியிருப்பீங்க" என்றார்.

இரண்டு வருடமாக அவர் தன் நோட்டில் வண்டியின் ஒவ்வொரு குறையையும் மணி போட்டு எழுதினார். தன் கண்ணைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தான் சொல்கிற உண்மையை யாரும் நம்பாத இடத்தில் ஒருவர் தனக்கு எதிரான உண்மையை எப்படிச் சொல்வார்? சோக் சுடுகிறது என்பதை நாலு பேர் நம்பிய பிறகுதான் கண் கூசுகிறது என்பது வெளியே வந்தது.

கண்புரை என்றார் டாக்டர். மார்ச்சில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது, மற்றது இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. மதுரைக்கு இப்போது வாடகைக் கார். ஊருக்குள்ளும் பகலில் குன்றக்குடி, தேவகோட்டை வரைக்கும் அம்பாசிடர். பொழுது சாய்ந்தால் எடுப்பதில்லை என்பது அவரே போட்டுக்கொண்ட விதி, அக்காவுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. வண்டியை விற்கவில்லை. நோட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு புது வரி வருகிறது. போன வாரம் அனுப்பிய படத்தில் இருந்தது: 'எர்த் தேய்த்தது. சூட்டில் 0.1. சோக் சுடவில்லை.'